மரம், பறவை, மானியம்: ராமநாதபுரம் கடலோர நிலக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம் கடலோரத்தில் தரிசு பட்டா வைத்திருக்கிறவர்களில் பலர் ஊரில் இல்லை. துபாயிலோ சென்னையிலோ இருக்கிறார்கள். விடுமுறையில் வந்து, தாத்தா காலத்து நாலு ஏக்கர் முள்ளுக்காடாகிக் கிடப்பதைப் பார்க்கிறார்கள். "சுத்தம் பண்ணி மரம் வைப்போம், பறவை வரட்டும்" என்று தோன்றுகிறது. வனத்துறை, வேளாண்துறை, ஊராட்சி, ஏதாவது ஒரு தொண்டு நிறுவனம் என்று நாலு படியும் ஏறி இறங்குகிறார்கள். எண்ணத்தில் குறை இல்லை. ஆனால் இந்த வேலையில் முன்னால் இறங்கியவர்கள் எந்த வரிசையில் சறுக்கினார்களோ, அதே வரிசையில் இவர்களும் சறுக்குகிறார்கள்.

கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஆடு மேயாமல் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதற்கு இங்கே இடம் இல்லை.

சீமைக்கருவேலை ஒரே மூச்சில் புரட்டுவது

பணத்தைத் தின்னும் தவறு இதுதான். இத்தனை வருடம் கழித்தும் பார்த்தால் எரிச்சல் வருவதும் இதுதான்.

வழக்கமாக நடப்பது இப்படி. கரிமூட்டம் போடுகிறவர் வருவார். "அண்ணே, நீங்க ஒரு பைசா தர வேணாம். விறகை நாங்க எடுத்துக்கிறோம், நிலத்தைச் சுத்தமாத் தந்துடுறோம்" என்பார். பத்து நாளில் காடு காணாமல் போகும். நிலக்காரர் படம் எடுத்து உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்புவார். அடுத்த தையில் வந்து பார்த்தால், ஒரு தண்டு இருந்த இடத்தில் ஐந்து தண்டு, இடுப்பளவு உயரத்தில் நிற்கும்.

விறகு வெட்டுகிறவருக்குத் தேவை மேலே உள்ள கட்டை. அவர் முழங்கால் உயரத்தில் வெட்டுவார், நன்றாக வெட்டினால் தரையோடு வெட்டுவார். சீமைக்கருவேலின் உயிர் இருப்பதோ தரைக்குக் கீழே. தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில்தான் உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. தலையை வெட்டினால் அவை எல்லாம் ஒன்றாக விழிக்கும். கழுத்துக்குக் கீழே, அதாவது தரையிலிருந்து குறைந்தது 1 அடி ஆழத்தில், ஆணிவேரை வெட்டி மேல் துண்டை முழுசாக வெளியே எடுத்தால் மரம் முடிந்தது. அதற்குக் கீழே விட்ட வேரிலிருந்து பெரும்பாலும் துளிர் வராது. ஆகவே கட்டையை எடுத்துக்கொள்கிறவரிடம் தூரையும் பறித்துத் தர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். அதற்கு அவர் கூலி கேட்பார். கேட்கட்டும், கொடுக்கலாம்.

இலவசமாக வெட்ட விடாமல் ஜேசிபியை மணிக்கணக்கில் வாடகைக்குப் பிடிக்கிறவர்கள் இன்னொரு வகை. இயந்திரம் தூரோடு பிடுங்கும், உண்மைதான். கூடவே மேல்மண்ணையும் வழித்துக்கொண்டு போய் வரப்போரம் குவித்துவிடும். நம் கடலோர நிலத்தில் ஏதாவது முளைக்கிற மண் மேலே உள்ள அந்த அரை அடிதான். கீழே உள்ளது பல இடங்களில் உப்பு மண். மூடாக்கு இல்லாமல் அதை வெயிலில் போட்டால், மாசி பங்குனியில் ஈரம் மேலே ஏறி ஆவியாகும், உப்பு தரையிலேயே தங்கும். காலையில் போய்ப் பார்த்தால் நிலம் சுண்ணாம்பு தூவினாற்போல் பூத்திருக்கும். அப்படிப் பூத்த இடத்தில் வேம்பு கூடப் பிடிக்காது. திரும்ப முதலில் வருவது அதே சீமைக்கருவேல்தான்.

வண்டியை விட்டே தீர வேண்டும் என்றால் ஓட்டுநரிடம் ஒன்று சொல்லுங்கள்: பக்கெட்டால் தரையை வழிக்கக் கூடாது. ஒவ்வொரு தூராகப் பல்லைக் கொடுத்து நெம்பி எடுத்து, மண்ணை அங்கேயே உதறிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். நேரம் கூடும், வாடகை கூடும். கை வேலையாகச் செய்தால் ஒரு நல்ல கோடை மழை பெய்த மறுநாள் இறங்குங்கள். காய்ந்த மண்ணில் கடப்பாரைதான் வளையும்.

அடுத்தது விதை. ஆடும் மாடும் நெற்றைத் தின்று சாணத்தோடு போட்ட விதை மண்ணுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும். மேலே நிழல் போனதும் ஐப்பசி மழைக்கு அத்தனையும் முளைக்கும். முளைத்து ஒரு மாதத்துக்குள் என்றால் ஈர மண்ணிலிருந்து கையால் பிடுங்கலாம், குழந்தை கூடப் பிடுங்கும். ஆறு மாதம் விட்டால் ஆணிவேர் இறங்கிவிடும், மறுபடியும் கடப்பாரை. அதனால் கார்த்திகையில் ஒரு சுற்று, தையில் ஒரு சுற்று, அடுத்த ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு சுற்று என்று களை எடுப்பதற்குப் பணம் ஒதுக்கியாக வேண்டும். கையில் இருப்பதில் பாதிக்கு மேல் முதல் வெட்டுக்குச் செலவழிக்காதீர்கள். நாலு ஏக்கருக்குக் காசு போதாது என்றால் ஒன்றரை ஏக்கரோடு நில்லுங்கள். தொண்டு நிறுவனமோ துறையோ உதவ வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, "இரண்டாவது வருடம் களை எடுக்கக் காசு உண்டா?" என்பதுதான். இல்லை என்றால் அவர்கள் தரும் வெட்டுக்கூலி வீண்.

வெட்டிய இடம் ஒரு மழைக்காலம் கூட வெறுமையாக நிற்கக் கூடாது. உப்பு தாங்கும் தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 45 நாளில் பூக்கும் முன் மடக்கி உழலாம். மணற்பாங்கான மேட்டு நிலத்தில் கொழுக்கட்டைப்புல் நன்றாக வரும், ஏக்கருக்கு 3 கிலோ விதை போதும். தரையைப் பிடித்துக்கொள்வதோடு கௌதாரிக்கும் இடம் கொடுக்கும். மரம் அதற்குப் பிறகு: உகாய், குடைவேல், பூவரசு, புங்கன், மேட்டில் வேம்பு. வெட்டிய முள்ளை வேலி அடைக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நெற்று தொங்கும் கிளையை வேலியில் வைத்தால் வேலி நெடுக விதை போட்டதாகிவிடும். நெற்றை உதிர்த்துச் சாக்கில் அள்ளி எரித்துவிட்டு அடையுங்கள்.

இனி பறவைக்கு வருவோம். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர் கீழச்செல்வனூர், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை என்று நம் மாவட்டத்தில் கண்மாய்ச் சரணாலயங்கள் வரிசையாக இருக்கின்றன. சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன, சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025இல். மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் அரிவாள் மூக்கனும் கண்மாய்க்குள் கூடு கட்டினாலும் இரை தேடுவது சுற்றியுள்ள வயலிலும் பள்ளத்திலும்தான். இரவு தங்க அவற்றுக்குச் சீமைக்கருவேல், நாட்டுக் கருவேல் என்ற பேதம் கிடையாது. கண்மாயை ஒட்டிய நிலத்தை அக்டோபரில் மொட்டை அடித்தால் அந்த வருடம் வந்த கூட்டத்துக்கு உட்கார இடம் போச்சு. அக்டோபரிலிருந்து குஞ்சு பறந்து போகும்வரை, ஏறக்குறைய மார்ச் முடிய, கண்மாய்ப் பக்கம் அரிவாள் வைக்காதீர்கள். நிலத்தை மூன்று பட்டையாகப் பிரித்துக்கொண்டு வருடத்துக்கு ஒரு பட்டை எடுங்கள். கண்மாய் ஓரப் பட்டை கடைசியில். அதற்குள் முதலில் எடுத்த பட்டைகளில் நட்ட நாட்டுக் கருவேல் ஓரளவு எழுந்திருக்கும்.

புலப்படம் (நிலத்தின் அளவை வரைபடம்) வாங்கி எல்லை அளந்த பிறகே இதையெல்லாம் தொடங்க வேண்டும். கண்மாய்ப் புறம்போக்கில் நிற்கும் மரம் உங்களுடையது இல்லை. "தெரியாமல் வெட்டிவிட்டார்கள்" என்றால் யாரும் கேட்க மாட்டார்கள்.

வேலை முன்னால், விண்ணப்பம் பின்னால்

குழி வெட்டி, கன்று நட்டு, வேலியும் போட்டுவிட்டு மானியம் கேட்கப் போகிறவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அனுதாபம் மட்டுமே. எந்தத் துறையானாலும் வேலைக்கு முந்தைய நிலத்தின் படம் கேட்பார்கள், இடக்குறியீட்டோடு. அந்தப் படம் இல்லை என்றால் கோப்பு நகராது. முதலில் பதிவு, பிறகு கள ஆய்வு, பிறகு ஆணை, அதற்குப் பிறகுதான் கடப்பாரை.

வேளாண்துறையின் நீடித்த பசுமைப் போர்வைத் திட்டத்தில் உழவன் செயலியில் பதிந்தால் கன்று இலவசம். வரப்போரம் என்றால் ஏக்கருக்கு 50, நிலம் முழுக்க என்றால் 160. 5 மீட்டருக்கு 5 மீட்டர் இடைவெளி விட்டால் வரும் எண்ணிக்கை அது. உயிரோடு நிற்கும் கன்றுக்கு இரண்டாம் ஆண்டிலிருந்து நான்காம் ஆண்டு வரை வருடம் 7 ரூபாய், மொத்தம் 21 ரூபாய் என்பது திட்டம் தொடங்கும்போது வைத்த ஊக்கத்தொகை. 160 கன்றும் பிழைத்தாலும் ஏக்கருக்கு 3,360 ரூபாய்தான். காவலுக்கோ தண்ணீர் வண்டிக்கோ அது காணாது என்பதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். தேக்கு, செம்மரம், மகோகனி என்று தருவார்கள். கடலோர உப்பு நிலத்துக்கு இவை ஆகாது. புங்கனும் பூவரசும் வேம்பும் வேண்டும் என்று பதியும்போதே கேளுங்கள், கொடுத்ததை வாங்கி வராதீர்கள்.

பட்டா இன்னும் தாத்தா பேரில் இருந்தால் வாரிசுச் சான்று, பட்டா மாறுதல் முடியும்வரை எந்த விண்ணப்பமும் வீண் அலைச்சல். கூட்டுப் பட்டா என்றால் எல்லோரின் சம்மதமும் வேண்டும், சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பாவுடையதும் சேர்த்து.

ஆடியில் வாங்கி ஆடியில் நடுவது

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது நம் கடலோரக் கன்றுக்குச் சொன்னதில்லை. இங்கே மழை வடகிழக்குப் பருவம். கன்று ஜூலையில் வந்தாலும் தென்னங்கீற்று நிழலில் வைத்து, பையைத் தாண்டி வேர் தரையில் இறங்காமல் பதினைந்து நாளுக்கொருமுறை இடம் மாற்றி வையுங்கள். ஒன்றரை அடிக் குழியை முன்பே வெட்டி ஆறப்போடுங்கள். மண் ஒன்றரை அடிக்கு நனைந்த பிறகு நடுங்கள்.

பனையை நாற்றங்காலில் வளர்ப்பது

வேண்டாம். முளை முதலில் கீழே இறங்கும் மரம் அது. கொட்டையை 10 அடிக்கு ஒன்றாக நிலத்திலேயே ஊன்றுங்கள்.

குட்டையை ஆழமாக வெட்டுவது

ஆழம் கூடினால் தண்ணீர் கூடும் என்ற கணக்கு மதுரைப் பக்கம் சரி. மண்டபம், பெரியபட்டினம் மணல்காட்டில் மழைநீர் உப்பு நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணீர் தாங்கும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. மோட்டார் போட்டு அந்த 1 அடியை உறிஞ்சினால் கீழே 40 அடியும் போகும். ஊற்றுக்குழி தோண்டிச் சிரட்டையால் மெல்ல மெல்ல மோந்து எடுக்கும் பெண்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆழம் போனால் தண்ணீர் கரிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

வைகாசியில் ஒரு சோதனைக் குழி எடுத்து, தண்ணீர் தட்டும் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நீரையும் மண்ணையும் ஆய்வுக்குக் கொடுங்கள். மண்ணின் ஈசி, அதாவது உப்பைக் காட்டும் மின்கடத்தும் திறன், 4 என்ற அளவைத் தாண்டினால் அது உப்பு நிலம். குட்டையின் அடி அந்தத் தண்ணீர் மட்டத்துக்கு மேலேயே நிற்க வேண்டும். 5 அடிதான் கிடைக்கிறது என்றால் 5 அடி போதும், அகலத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பறவைக்காக என்றால் சுவர்போல் நாலு பக்கமும் செங்குத்தாக இறக்காதீர்கள். ஒரு பக்கமாவது 5 அடிக்கு 1 அடி என்று சரிவாக வரட்டும். உள்ளானும் நெடுங்கால் உள்ளானும் கணுக்கால் தண்ணீரில்தான் மேயும். நீந்துகிற பறவை மட்டும் போதும் என்றால் உங்கள் இஷ்டம்.

கண்ட சேற்றில் அலையாத்தி நடுவது

காரங்காட்டு அலையாத்திக் காட்டைப் பார்த்துவிட்டு வந்து, பக்கத்துச் சேற்றுத் திட்டில் கன்றை வரிசையாக ஊன்றிப் படம் எடுப்பது ஒரு வழக்கமாகிவிட்டது. அலையாத்தி இல்லாத சேற்றுத் திட்டு பெரும்பாலும் வீணாய்க் கிடக்கும் இடம் இல்லை, அது உள்ளான்களின் சாப்பாட்டுத் தட்டு. அலையாத்தி அழிந்த இடத்தில் முதலில் பார்க்க வேண்டியது அலை ஏறி இறங்குகிறதா என்பதுதான். கைவிட்ட இறால் பண்ணையில் கரை அதை மறித்திருக்கும். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டி அலைநீரை உள்ளே கொண்டுவந்த பிறகுதான் வெண்கண்டல் என்ற அலையாத்தி எழுந்தது. வாய்க்காலை வனத்துறையோடு பேசி, அனுமதி வாங்கி வெட்ட வேண்டும். தண்ணீர் ஓட்டம் சரியாகிவிட்டால், பக்கத்தில் தாய்மரம் உள்ள இடத்தில் விதை தானே மிதந்து வரும், பாதிக் கன்றுச் செலவு மிச்சம்.

படிக்காமல் கையெழுத்துப் போடுவது

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் 36சி பிரிவில், நிலக்காரர் தானாக முன்வந்தால் பட்டா நிலத்தையும் சமுதாயக் காப்பகமாக (உயிரினங்களையும் அவற்றின் வாழிடத்தையும் காக்கும் இடமாக) அறிவிக்கலாம். "நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள்" என்று ஓடுகிறவர்கள் ஒரு பக்கம். அது தவறு, நிலம் உங்களுடையதாகவே இருக்கும். 2022 திருத்தத்துக்குப் பிறகு தனியார் நிலத்துக்கான மேலாண்மைக் குழுவில் நிலக்காரர், வனத்துறையின் பிரதிநிதி, ஊராட்சியின் பிரதிநிதி என்று உங்களுக்கும் நாற்காலி உண்டு.

பெருமைக்காக ஓடிப்போய் ஒப்புக்கொள்கிறவர்கள் இன்னொரு பக்கம். அறிவித்த பிறகு நிலத்தின் பயன்பாட்டை மாற்ற வேண்டுமானால் குழுவின் தீர்மானமும் மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும். மகள் கல்யாணத்துக்கு நாலு மனை பிரித்து விற்கலாம் என்ற யோசனை மனதின் ஓரத்தில் இருந்தால், அந்த ஓரத்தைப் புலப்படத்தில் முதலிலேயே தனியாக வெட்டிவிட்டு மீதியை மட்டும் கொடுங்கள்.

மணல்மேட்டைச் சமன் செய்வது

செய்யாதீர்கள். அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் பிடித்து நிற்கும் அந்த மேடுதான் உங்கள் கிணற்று நீரைக் காக்கிறது.

அலை தொடும் வரை சவுக்கு

பங்குனி ஆமை ஏறி முட்டையிட வெறும் மணல் வேண்டும். கடல் பக்கம் இரண்டு வரிசையை விட்டுக்கொடுங்கள். ஜனவரியிலிருந்து குஞ்சு பொரித்துக் கடலுக்குப் போகும் வரை கடலைப் பார்த்த விளக்கை அணைத்து வையுங்கள். அணைக்க முடியாது என்றால் நிலத்தைப் பார்த்துத் திருப்பி, மேலே தகரத்தால் மறைப்புக் கட்டுங்கள். கரையில் நின்று பார்த்தால் பல்பு கண்ணில் படக் கூடாது.