மாட்சாவும் கிரீன் டீயும்: இரண்டையும் போட்டுக் குடித்துப் பார்ப்போம்

மாட்சா என்ற ஜப்பானியத் தேயிலைப் பொடி டப்பாவின் விலையைப் பார்த்ததும் பலருக்கும் தோன்றுவது இதுதான்: வீட்டில் இருக்கும் கிரீன் டீ இலையை மிக்சியில் போட்டு அரைத்தால் மாட்சா ஆகிவிடாதா? ஆகாது. பச்சையாக ஒரு பொடி கிடைக்கும், அவ்வளவுதான். ஏன் ஆகாது என்று தெரிந்துகொண்டால் போடும் முறையும் எளிதாகப் பிடிபட்டுவிடும்.

வித்தியாசம் தோட்டத்திலேயே தொடங்குகிறது

இரண்டும் ஒரே தேயிலைச் செடியின் இலைகள்தான். பறித்த கையோடு சூடு காட்டிவிடுவதால் இலை கறுக்காமல் பச்சையாகவே நிற்கிறது. இதை ஜப்பானில் ஆவியில் செய்வார்கள், சீனாவில் பெரும்பாலும் வாணலியில் வறுப்பார்கள்.

மாட்சாவுக்கு இதற்கு முன்பே ஒரு வேலை உண்டு. உஜி, நிஷியோ போன்ற ஜப்பானிய ஊர்களில், பறிப்பதற்குச் சுமார் மூன்று வாரங்களுக்கு முன்பிருந்தே செடிகளின் மேல் பந்தல் போட்டு மூடிவிடுகிறார்கள். முன்பு நாணலும் வைக்கோலும் பரப்பினார்கள். இப்போது பெரும்பாலும் கறுப்பு வலைத்துணி. வெயில் பட்டால் இலையில் இனிப்பைத் தரும் தியானின் என்ற சத்து, துவர்ப்பைத் தரும் கேட்டச்சின்களாக மாறும். நிழலில் இந்த மாற்றம் குறைந்துவிடுகிறது. வெளிச்சம் போதாத செடி பச்சையத்தையும் கூட்டிக்கொள்கிறது. மாட்சாவின் கரும்பச்சையும், துவர்ப்புக்கு அடியில் தெரியும் இனிப்பும் இப்படி வந்தவைதான்.

பறித்த இலையை ஆவி காட்டி, சுருட்டாமல் உலர்த்தி, காம்பையும் நரம்பையும் நீக்கிவிடுவார்கள். மிஞ்சுவது தென்ச்சா. அதைக் கருங்கல் திரிகையில் மெதுவாக அரைக்கிறார்கள். ஒரு திரிகையில் ஒரு மணி நேரத்துக்கு 40 கிராம் வந்தாலே பெரிது. வேகமாகச் சுற்றினால் சூடேறி மணம் கெட்டுப்போகும். விலை ஏன் அப்படி என்பது இப்போது புரிந்திருக்கும்.

கிரீன் டீயில் இலையின் சாற்றை மட்டும் குடிக்கிறோம். மாட்சாவில் இலையே வயிற்றுக்குள் போகிறது. ரசத்தில் கிடக்கும் கறிவேப்பிலையை ஒதுக்குவதற்கும், கறிவேப்பிலைப் பொடியைச் சோற்றில் பிசைந்து சாப்பிடுவதற்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் கஃபீனும் கூடும். 2 கிராம் மாட்சாவில் 60 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். சாதாரண கிரீன் டீ ஒரு கோப்பையில் பெரும்பாலும் அதில் பாதிதான். ராத்திரி வேண்டாம். இரும்புச் சத்து குறைவாக உள்ளவர்கள் இரண்டையுமே சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல் இருப்பது நல்லது.

படி 1: பொடியைச் சோதியுங்கள்

சிட்டிகை எடுத்து விரலால் தேயுங்கள். நல்ல மாட்சா ரேகைக்குள் புகுந்து ஒட்டிக்கொள்ளும், நறநறக்காது. மஞ்சளோடிய பச்சையாக இருந்தால் பழசு, அல்லது வெறும் கிரீன் டீப் பொடி. பொருள் பட்டியலில் சர்க்கரையோ பால் பவுடரோ இருந்தால் அது மாட்சா கலவை, வாங்காதீர்கள்.

படி 2: தண்ணீரை ஆற்றுங்கள்

இரண்டுக்குமே கொதிநீர் ஆகாது. 75 முதல் 80 டிகிரி போதும். தெர்மாமீட்டர் இல்லையா? கொதித்த தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 10 டிகிரி இறங்கும். இரண்டு முறை மாற்றுங்கள். கிரீன் டீ கசக்கிறது என்று ஒதுக்கியவர்கள் பலர் குடித்தது கொதிநீரில் போட்டதைத்தான்.

படி 3: முதலில் கிரீன் டீ

150 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் இலை. ஒன்றரை நிமிடம், அதிகம் போனால் இரண்டு. வடிகட்டுங்கள். முடிந்தது. நல்ல இலையாக இருந்தால் இன்னொரு முறை தண்ணீர் ஊற்றலாம்.

படி 4: அப்புறம் மாட்சா

இதில்தான் கவனம் வேண்டும். ஒரு அகலமான கிண்ணத்தை வெந்நீரில் அலசி, ஈரம் போகத் துடையுங்கள். சிறிய டீஸ்பூனால் தலைதட்டி ஒரு ஸ்பூன், அதாவது சுமார் 2 கிராம் பொடியை, டீ வடிகட்டி வழியே சலித்துப் போடுங்கள். சலிக்காமல் விட்டால் கட்டி தட்டும். பிறகு எவ்வளவு கலக்கினாலும் உடையாது.

கொஞ்சம் தண்ணீர் விட்டு விழுதாகக் குழைத்து, மீதியை ஊற்றுங்கள். எல்லாம் சேர்த்து 70 மில்லி போதும். ஜப்பானில் இதற்கென்றே சாசென் என்ற மூங்கில் மத்து இருக்கிறது. அதன் நுனியை வெந்நீரில் கொஞ்சம் நனைத்துவிட்டு, மணிக்கட்டை மட்டும் அசைத்து, முன்னும் பின்னுமாக 20 விநாடி வேகமாக அடியுங்கள். வட்டமாகச் சுற்றினால் நுரை வராது. சாசென் இல்லாவிட்டால் பால் நுரைக்கும் கருவி போதும், அல்லது இறுக மூடும் பாட்டிலில் ஆறிய தண்ணீர் ஊற்றிக் குலுக்குங்கள். ஆறவிட்டால் பொடி அடியில் படியும், உடனே குடித்துவிடுங்கள்.

இதைப் புது மோகம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: சீனாவிலிருந்து பொடித் தேநீர்ப் பழக்கத்தை எய்சாய் என்ற துறவி 1191-ல் ஜப்பானுக்குக் கொண்டுவந்தார். இன்று அங்கே அன்றாடம் குடிக்கும் சென்ச்சா இலைத் தேநீரின் முறை 1738-ல்தான் உஜிப் பக்கம் உருவானது.

படி 5: பால், சேமிப்பு

பால் சேர்ப்பதாக இருந்தால் விலையுயர்ந்த ரகம் வீண். சமையலுக்கென விற்கும் ரகமே பாலைத் தாண்டி மணக்கும். வெளிச்சமும் காற்றும் ஈரமும் மாட்சாவுக்கு ஆகாதவை. சின்ன டப்பாவாக வாங்கி, இறுக மூடிப் பிரிட்ஜில் வையுங்கள். திறக்கும் முன் டப்பா அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லாவிட்டால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். திறந்ததை ஒன்றிரண்டு மாதத்தில் தீர்த்துவிடுங்கள். நிறம் மங்கிப்போனதைக் கேக் மாவில் கலந்துவிடலாம்.