தோலில் ஒட்டும் உணரியில் அறுந்த தடத்தைச் சரிசெய்த விதம்

முழங்கை மடங்குவதை அளப்பதற்காகச் சிலிக்கோன் ரப்பர் படலத்தில் நான் அமைத்த உணரி, கையை நீட்டி மடக்கத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே அளவு காட்டாமல் நின்றுவிடும். மூட்டுகளின் மேலுள்ள தோல் ஏறத்தாழ 30 விழுக்காடு வரை நீளக்கூடியது. மெல்லிய செம்புத் தகடோ சில விழுக்காட்டிலேயே விரிசல் விடும் என்பதால், மின்சாரம் செல்லும் செம்புத் தடங்களைப் பாம்பு நெளிவாகவே வெட்டியிருந்தேன். உருப்பெருக்கியில் பார்த்தபோது நெளிவுகள் அனைத்தும் பழுதின்றி இருந்தன. உணரியில் உள்ள, சிறிதும் நீளாத மின்னணுச் சில்லும் தாராளமாக நீளும் ரப்பரும் சந்திக்கும் விளிம்பில்தான் இழுவிசை குவிந்து, தடம் அறுந்திருந்தது. பொருளைத் தேர்வதில் காட்டும் அக்கறையில் பாதியையேனும் இந்த விளிம்புக்குக் காட்ட வேண்டும் என்பது என் கருத்து.

ஆகவே, சில்லை ஒட்டிய இடத்தில் கடினமாகவும் வெளியே செல்லச் செல்ல மென்மையாகவும் இருக்கும்படி சிலிக்கோன் வளையங்களை வார்த்து, அந்த எல்லையைக் கடக்கும் தடத்தை மட்டும், எடையில் 75 விழுக்காடு காலியமும் 25 விழுக்காடு இண்டியமும் கொண்ட உலோகக் கலவையால் நிரப்பினேன். சுமார் 15.5 பாகை செல்சியசிலேயே உருகும் இக்கலவை அறை வெப்பத்தில் திரவமாகவே இருப்பதால், இழுபட்டாலும் அறுவதில்லை. அலுமினிய இணைப்பிகளை இதனருகில் வைக்கக் கூடாது. காலியம் அலுமினியத்தினுள் ஊடுருவி அதை நொறுங்கச் செய்துவிடும். செம்போடும் மெல்லக் கலக்கும் என்பதால், இரண்டும் சேரும் முனையில் செம்பைச் சற்று அகலமாகவே விட்டேன்.