பழைய நூல் சேலையில் ஒரு போர்வை

பஞ்சு வாங்க வேண்டாம். வீட்டிலேயே போர்வை தைக்க ஆசைப்பட்டு என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். கடையில் சுருள் சுருளாக விற்கும் பாலியஸ்டர் பஞ்சை இரண்டு துணிகளுக்கு நடுவில் வைத்துத் தைத்தால் பார்ப்பதற்குப் புசுபுசுவென்று அழகாக இருக்கும். ஆனால் திண்டுக்கல் வெயிலில் அதைப் போர்த்திக்கொண்டு ஓர் இரவு தூங்க முடியாது. உடம்பில் வேர்வை கோத்துக்கொள்ளும். நம் ஊருக்கு ஏற்ற போர்வைக்கு மேல்துணி, உள்துணி, அடித்துணி மூன்றுமே பழைய நூல் சேலைதான். பத்து வருடம் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன சேலைக்கு ஈடான துணியை எந்தக் கடையிலும் புதிதாக வாங்க முடியாது.

அரசுப் பெண்கள் பள்ளியில் 28 ஆண்டுகள் தையல் ஆசிரியையாக இருந்தேன். இதுவரை பன்னிரண்டு போர்வைகள் கையால் தைத்திருக்கிறேன். பதின்மூன்றாவது இப்போது மடியில் இருக்கிறது. பெங்களூரில் இருக்கும் என் மகளுக்கு ஐப்பசியில் பிரசவம்.

சேலையைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது சுங்குடி. பக்கத்தில் சின்னாளபட்டி இருப்பதால் எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரிடமும் நாலைந்து சுங்குடிச் சேலைகள் இருக்கும். துணி மெல்லியது, ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். கண்டாங்கி வேறு மாதிரி. பருமனான நூலில் நெருக்கமாக நெய்தது. மூன்று அடுக்கும் கண்டாங்கியாக வைத்தால் ஊசியைத் தள்ளித் தள்ளி விரல் நுனி வீங்கிவிடும். ஆனால் அதன் கட்டங்கள் நமக்குப் பெரிய வசதி. கண்டாங்கியை மேல்துணியாக மட்டும் போட்டு, அடியில் இரண்டு மெல்லிய சேலைகளை வையுங்கள். கோடு போடாமலேயே கட்டத்தின் வரியைப் பிடித்துத் தைத்துக்கொண்டு போகலாம்.

நூல் சேலை என்று சொல்லிக் கொடுத்தவற்றில் பாலியஸ்டர் கலந்திருக்கக்கூடும். ஓரத்தில் நாலு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, சமையலறைத் தொட்டிக்கு மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல எரியும், காகிதம் எரிகிற வாசனையே வரும், சாம்பலைத் தொட்டால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறிய பிறகு கெட்டியான மணியாக நிற்கும். கலப்புத் துணியையும் பருத்தியையும் ஒரே போர்வையில் சேர்க்காதீர்கள். துவைக்கும்போது பருத்தி கொஞ்சம் சுருங்கும், மற்றது சுருங்காது. நாலு துவையலில் போர்வை முழுவதும் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கிக்கொள்ளும்.

அடுத்து, சேலையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, முழ முழமாக நகர்த்திப் பாருங்கள். இடுப்பில் செருகிய இடம், தோளில் ஊக்கு குத்திய இடம், தரையில் உரசிய கீழ்க்கரை, இந்த மூன்றும் முதலில் நைந்துபோகும். சந்தேகமான இடத்தை இரண்டு கட்டைவிரல்களுக்கு நடுவில் பிடித்து மெல்ல இழுங்கள். நூல் விலகி நின்றுவிட்டால் அந்தப் பகுதி வேண்டாம். முதல் சுற்றாக உள்ளே போகும் பகுதி பெரும்பாலும் நிறம் மங்காமல் இருக்கும். அதை மேல்துணிக்கு எடுத்து வையுங்கள்.

சாயத்தை நம்ப வேண்டாம். 1996-இல் என் மகளுக்குத் தைத்த முதல் போர்வையில் சிவப்புச் சுங்குடியையும் வெள்ளைச் சேலையையும் சேர்த்தேன். பத்து வருடம் கட்டிய சேலையில் இனி என்ன சாயம் போகப்போகிறது என்று நினைத்துவிட்டேன். முதல் துவையலிலேயே வெள்ளை முழுவதும் திட்டுத் திட்டாக ரோஜா நிறம் ஏறியது. மூன்று வார உழைப்பு. அன்றிலிருந்து ஒவ்வொரு சேலையின் மூலையையும் நனைத்து, வெள்ளைக் கைக்குட்டைக்குள் வைத்துச் சூடாக இஸ்திரி போட்டுப் பார்க்காமல் ஊசியைத் தொடுவதில்லை. கைக்குட்டையில் கறை விழுந்தால் அந்தச் சேலையை அதே நிறத்துச் சேலைகளோடு மட்டும் சேர்க்க வேண்டும்.

தேர்ந்தெடுத்த சேலைகளில் ஃபால்ஸ் இருந்தால் பிரித்துவிடுங்கள். ஜரிகைக் கரை இருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள், உடம்பில் உறுத்தும். பிறகு வெந்நீரில் ஊறவைத்து, பழைய கஞ்சி முழுவதும் போகும்படி அலசுங்கள். கஞ்சி தங்கிய துணியைப் பெட்டியில் வைத்தால் பூச்சி தேடி வரும். மிகவும் துவண்டுபோன சுங்குடியை மட்டும் அலசி முடித்த பிறகு, மிகவும் நீர்த்த சோற்றுக்கஞ்சியில் ஒரு முறை முக்கி உலர்த்தி இஸ்திரி போடுவேன். தைக்கும்போது வழுக்காமல் நிற்கும். தைத்து முடித்ததும் அந்தக் கஞ்சியை அலசிவிட வேண்டும்.

சாதாரணச் சேலை ஐந்தரை மீட்டர் நீளம், 45 அங்குலத்துக்குச் சற்றுக் கூடக் குறைய அகலம். ஒரு சேலையை மூன்றாக்கினால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 6 அடி நீளம் வரும். மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒருவர் போர்த்திக்கொள்ள ஒரு போர்வை. ஒரே சேலையில் தைக்கலாம். அல்லது மூன்று சேலைகளிலிருந்து ஒவ்வொரு துண்டு எடுத்து மூன்று போர்வைகளாகத் தைக்கலாம். கொடைக்கானலில் இருக்கிறவர்கள் ஐந்து அடுக்கு வைத்துக்கொள்ளட்டும். கீழே சமவெளியில் மூன்றுக்கு மேல் போகாதீர்கள், ஐப்பசி மழையில் காயவே காயாது. துண்டாக்கும்போது கத்தரிக்கோலால் நீளமாக வெட்டினால் கோணிப் போகும். ஓரத்தில் அரை அங்குலம் மட்டும் வெட்டிவிட்டுக் கையால் கிழியுங்கள். ஊடை நூலைப் பிடித்துக்கொண்டு ஒரே நேராகக் கிழிந்து வரும்.

இனி தரையில் விரிப்பது. அவசரப்படுகிறவர்கள் எல்லோரும் தவறுவது இங்கேதான்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு, தரையைத் துடைத்துக் காயவிடுங்கள். முதலில் அடித்துணி, நல்ல பக்கம் தரையைப் பார்த்து. நாலு மூலையிலும் கனமாக எதையாவது வையுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு பித்தளைப் படியும் இரண்டு சொம்பும் இதற்கென்றே இருக்கின்றன. துணியை இழுத்துப் பிடிக்க வேண்டாம், சுருக்கமில்லாமல் படுத்திருந்தால் போதும். அதன்மேல் நடுத்துணி, நிறம் மங்கியதும் கறை பட்டதும் இங்கே போகட்டும். நடுத்துணியை நாலு பக்கமும் ஓர் அங்குலம் குறைத்துவிடுங்கள். அதற்கான காரணம் ஓரம் அடிக்கும்போது தெரியும். அடித்துணியில் நைந்த இடம் கால்பக்கம் இருந்தால், நடுத்துணியின் நைந்த இடம் தலைப்பக்கம் வரும்படி திருப்பிப் போடுங்கள். கடைசியாக மேல்துணி, நல்ல பக்கம் மேலே. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக உள்ளங்கையால் நீவிவிடுங்கள். என் மதினி எதிர்ப்பக்கம் உட்கார்ந்து நீவிக்கொடுப்பார். இந்த ஒரு வேலைக்கு இரண்டு பேர் இருப்பது நல்லது.

இப்போது தற்காலிகத் தையல். வெள்ளை நூலில், ஒரு விரல் நீளத்துக்குத் தையல்கள். போர்வையின் நடுப்புள்ளியில் தொடங்கி நாலு திசையிலும் ஓரம் வரை போங்கள், பிறகு மூலைகளுக்கு. அதன் பிறகு சாண் இடைவெளி விட்டுக் குறுக்கும் நெடுக்குமாக முழுவதும். ஓரத்தில் தொடங்கினால் எல்லாத் தொய்வும் நடுவில் வந்து சேர்ந்து மடிப்பாகிவிடும். நடுவில் தொடங்கினால் தொய்வு வெளியே தள்ளப்பட்டுப் போய்விடும். பள்ளியில் பிள்ளைகள் ‘எப்படியும் பிரிக்கப் போகிற தையல்தானே டீச்சர்’ என்று பாதியில் விடுவார்கள். பாதியில் விட்டவர்களின் துணி மறுநாளே அடுக்கு நழுவி என் மேசைக்கு வரும். முட்டி வலிக்கிறவர்கள் இதைச் சாப்பாட்டு மேசையில் பகுதி பகுதியாகச் செய்யலாம்.

நூலுக்குப் பூத்தையல் போடும் பருத்தி நூல்கண்டு போதும். அதில் ஆறு இழை இருக்கும். இரண்டிரண்டு இழையாகப் பிரித்துக் கோத்துக்கொள்ளுங்கள். எட்டு மீட்டர் கண்டு ஒன்று, இரண்டு இழையாக 24 மீட்டர் தரும். ஓர் அங்குல இடைவெளியில் வரி போட்டால் போர்வைக்கு ஏறக்குறைய 100 மீட்டர் ஆகும், ஐந்து கண்டு வாங்கினால் சரியாக இருக்கும். ஒரு தடவையில் ஒன்றரை முழ நூலுக்கு மேல் கோக்காதீர்கள். நீளமாகக் கோத்தால் ஒவ்வொரு இழுப்பிலும் துணியில் உரசி, கடைசி முழம் பஞ்சாகிவிடும். நடுவிரலுக்கு ஓர் உலோகத் தொப்பி வேண்டும். தையற்காரர்கள் அதை அங்குஸ்தான் என்பார்கள். முதல் நாள் இடைஞ்சலாக இருக்கும், மூன்றாம் நாள் அது இல்லாமல் தைக்க முடியாது.

தையல் வெறும் ஓட்டுத் தையல்தான். ஓர் இட்லி அரிசி நீளத்துக்குத் தையல், அதே அளவு இடைவெளி. நூலின் நுனியில் சின்ன முடிச்சுப் போட்டு, மேல்துணி வழியாகக் குத்தி, மெதுவாகச் சுண்டுங்கள். முடிச்சு துணிக்குள் போய் ஒளிந்துகொள்ளும். இரண்டு பக்கமும் முடிச்சே தெரியாது. இடது கை எப்போதும் போர்வைக்கு அடியில் இருக்கட்டும். ஊசியின் நுனி அடியில் இருக்கும் விரலை லேசாகத் தொட வேண்டும், அப்போதுதான் மூன்று அடுக்கையும் பிடித்திருக்கிறது என்று தெரியும். தொட்ட உடனே மேலே திருப்புங்கள். ஊசியில் நாலைந்து தையல் சேர்ந்த பிறகு நூலை இழுங்கள். இறுக்கி இழுக்கக் கூடாது, நூல் துணியின்மேல் படுத்தால் போதும்.

வரியை நேராகக் கொண்டுபோக நான் பேனா பயன்படுத்துவதில்லை. குளித்துத் தேய்ந்த சோப்புச் சில்லு நன்றாகக் காய்ந்து கூராக இருக்கும். அதைக்கொண்டு கோடு போட்டால் துவையலில் போய்விடும். முதல் வரி போர்வையின் நடுவே, நீளவாக்கில். பிறகு அதற்கு இரண்டு பக்கமும் ஒரு கட்டைவிரல் அகலம் தள்ளித் தள்ளி வெளிப்பக்கமாகப் போங்கள். ஓரத்துக்கு ஓர் அங்குலம் முன்பாக நிறுத்திவிடுங்கள். ஒரு வரிக்கு எனக்கு இருபது நிமிடம் ஆகும், மொத்தம் நாற்பத்துச் சொச்சம் வரி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மூன்று வாரத்தில் முடியும்.

வங்காளத்தில் பழைய துணிகளை அடுக்கித் தைக்கும் காந்தாப் போர்வையும் இதே ஓட்டுத் தையல்தான். அங்கே பழைய சேலைக் கரையிலிருந்தே வண்ண நூலை உருவித் தைத்திருக்கிறார்கள். ஒருமுறை நானும் முயன்றேன், என் சேலைகளின் கரை நூல் பாதி வரியில் அறுந்து அறுந்து போயிற்று. கர்நாடகத்தில் எல்லாபூர், ஹளியாள் பக்கத்தில் வாழும் ‘சித்தி’ என்ற சமூகத்து மக்கள் ‘கவந்தி’ என்ற ஒட்டுப்போர்வை தைக்கிறார்கள். அவர்கள் நான் சொன்னதற்கு நேர்மாறாக ஓரத்தில் தொடங்கி, துண்டுகளை மடித்து வைத்துத் தைத்துக்கொண்டே நடுவுக்கு வருவார்கள். போகப் போகத் துண்டுகளைச் சேர்ப்பதால் அவர்களுக்குத் தொய்வு விழுவதில்லை. முழுத் துணியாக அடுக்கித் தைக்கும் நமக்கு அந்த வழி ஒத்துவராது.

மிஷினில் தைக்கலாமா என்று கேட்பார்கள். தைக்கலாம். துணியை நகர்த்தும் கீழ்ப்பல் அடித்துணியை வேகமாக இழுக்கும், மேல்துணி பின்தங்கும். அதனால் தற்காலிகத் தையலை இன்னும் நெருக்கமாகப் போட்டு, தையல் நீளத்தைக் கூட்டி, மெதுவாக ஓட்ட வேண்டும். மிஷின் தையல் போர்வையை விறைப்பாக்கிவிடும் என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை.

ஓரம் அடிப்பது கடைசி வேலை. நடுத்துணியை ஓர் அங்குலம் குறைத்தது இதற்காகத்தான். மேல்துணி, அடித்துணி இரண்டின் விளிம்புகளையும் அரை அங்குலம் உள்ளே மடித்து, ஒன்றோடொன்று பொருத்தி, ஹெம்மிங் செய்யுங்கள். அதை ஒட்டி உள்பக்கமாக ஒரு சுற்று ஓட்டுத் தையல் போட்டால் ஓரம் முறுக்காமல் நிற்கும். பிறகு வெள்ளைத் தற்காலிகத் தையலைப் பிரித்து எடுங்கள்.

பச்சிளங் குழந்தைக்கு என்றால் மூன்றடிக்கு மூன்றடி போதும். மணி, பொத்தான், குஞ்சம் எதுவும் வேண்டாம். நூல் முனை ஒன்றுகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, குழந்தையின் விரலில் சுற்றிக்கொள்ளும். குழந்தை தூங்கும்போது மேலே போர்த்தாமல் கீழே சுருக்கமில்லாமல் விரியுங்கள், முகத்தை மூடிவிடும் பயம் குறையும். பெட்டியில் எடுத்து வைக்கும்போது நாப்தலின் உருண்டை போடவே வேண்டாம். அந்த நெடி சில பச்சிளங் குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களையே சிதைத்துவிடும். நிழலில் உலர்த்திய வேப்பிலையைத் துணியில் முடிந்து வைத்தால் போதும்.

முதல் துவையல் தனியாக, பச்சைத் தண்ணீரில். முறுக்கிப் பிழியாமல் அழுத்தித் தண்ணீரை எடுத்து, இரண்டு கொடிகளின்மேல் பாலம்போல விரித்துப் போடுங்கள், ஒரே கொடியில் போட்டால் ஈரத்தின் கனத்தில் நடுவில் தையல் இழுபடும். காய்ந்ததும் துணி வரிவரியாக லேசாகச் சுருங்கி, தடவினால் மெல்லிய அலைபோலத் தட்டுப்படும். இஸ்திரி போட்டு அதை அழித்துவிடாதீர்கள். நாலைந்து வருடத்தில் மேல்துணி எங்காவது நைந்து கிழியும். கிழிந்த இடத்தைவிட இரண்டு அங்குலம் பெரிதாக இன்னொரு சேலைத் துண்டை எடுத்து, விளிம்பை மடித்து மேலே வைத்து, பழைய வரி போன வழியிலேயே புதுத் தையலைக் கொண்டுபோங்கள். 1996-இல் தைத்த அந்த ரோஜாத் திட்டுப் போர்வையில் இப்படி ஏழு ஒட்டு இருக்கிறது. என் மகள் அதை பெங்களூருக்கு எடுத்துப் போயிருக்கிறாள்.