சுவரில் மாட்ட ஒரு வருடம்: பிரிட்டன், 1936

முகப்பில் பழைய ராஜா படம் தொங்கும் வீடுகளில், பார்க்க வருகிறவர்கள் "இது எந்த ராஜா?" என்று கேட்காமல் போவதில்லை. பக்கத்தில் ஒரு வருட அட்டை மாட்டிவிட்டால் பதில் சொல்லும் வேலை மிச்சம். 1936-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே வருடத்தில் மூன்று ராஜாக்கள்: ஐந்தாம் ஜார்ஜ், எட்டாம் எட்வர்ட், ஆறாம் ஜார்ஜ்.

ஒரு முழு சார்ட் தாளில் மூன்று பத்தி கோடு போடுங்கள்: லண்டன் தேதி, நம்மூர் தேதி, நடந்தது. நடுப்பத்தியை விட்டுவிட்டால் வீட்டுப் பேரேட்டோடு தேதி ஒட்டாது. ஐந்தாம் ஜார்ஜ் இறந்தது ஜனவரி 20 இரவு 11.55. ஐந்தரை மணி நேரம் கூட்டினால் இங்கே 21-ஆம் தேதி விடிகாலை 5.25. ஆனால் சூரியன் இன்னும் உதிக்கவில்லை, ஆகவே பஞ்சாங்கக் கணக்கில் அது திங்கட்கிழமைதான். யுவ வருடம், தை மாதம். டிசம்பருக்கு வரும்போது தாது வருடம், கார்த்திகை.

அரியணை மாற்றங்களைச் சிவப்பு மையில் முதலில் எழுதுங்கள். எட்டாம் எட்வர்ட் முடிதுறக்கும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது டிசம்பர் 10. பதவி போனது 11. இரண்டையும் ஒரே வரியில் போட்டால் குழப்பம். ஆண்டது 326 நாள். 325 வந்தால் பிப்ரவரி 29-ஐ மறந்திருக்கிறீர்கள்.

மற்றவை கறுப்பு மையில்: மார்ச் 5 ஸ்பிட்ஃபயர் விமானம் முதலில் பறந்தது, அக்டோபர் 5 வடகிழக்கு இங்கிலாந்தின் ஜாரோ ஊரிலிருந்து வேலையில்லாதவர்கள் லண்டனுக்கு நடக்கத் தொடங்கியது, நவம்பர் 2 பிபிசி தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது, நவம்பர் 30 லண்டனின் கண்ணாடி மாளிகையான கிரிஸ்டல் பேலஸ் எரிந்தது. இதற்கு மேல் திணித்தால் யாரும் படிக்க மாட்டார்கள்.

இனி படம். தாடி இருந்தால் ஐந்தாம் ஜார்ஜ். மழித்த முகமும் தலையில் கிரீடமும் என்றால் ஆறாம் ஜார்ஜ். அவர் முடிசூடியது 1937 மே 12, அதை 1936 அட்டையில் சேர்க்காதீர்கள். அந்த நாள் எட்வர்டுக்காகக் குறித்தது. அவர் பெயரும் 1937-உம் போட்ட கோப்பை காரைக்குடிப் பழம்பொருள் கடையில் கண்ணில் பட்டால் போலி என்று தள்ளிவிட வேண்டாம். முடிசூட்டு விழாவுக்கு முன்கூட்டியே செய்து குவித்துவிட்டார்கள், விழாதான் நடக்கவில்லை. 1936 காலணாவிலும் தாடிக்காரர்தான். பிரிட்டிஷ் இந்திய அரசு எட்வர்ட் தலை போட்டுக் காசு அடிக்கவில்லை.

அட்டையை வளவுத் தாழ்வாரத்தில், அதாவது திறந்த முற்றத்தைச் சுற்றியுள்ள இடத்தில், மாட்டாதீர்கள். வெயிலில் சிவப்பு மைதான் முதலில் வெளுக்கும், ராஜாக்கள் மூவரும் போய் கிரிஸ்டல் பேலஸ் மட்டும் நிற்கும். பட்டாலையின் (கூடத்தின்) உட்சுவரே சரி.