ஈரநிலத்தை ஒட்டி வீடு கட்ட வேரியன்ஸ் கேட்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

அமெரிக்காவில் ஊருக்கு வெளியே ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று நிலம் வாங்குகிறவர்களுக்குப் பின்பக்கத்து ஈரநிலம் முதலில் அழகாகத்தான் தெரியும். வீடு கட்டப் போகும்போதுதான் சிக்கல் வரும். ஈரநிலத்தின் ஓரத்திலிருந்து இத்தனை அடி தள்ளித்தான் கட்டலாம் என்று பல டவுன்களும் கவுண்டிகளும் விதி வைத்திருக்கின்றன. அந்த இடைவெளிக்குச் செட்பேக் என்று பெயர். அதில் தளர்வு கேட்டு, நிலப் பயன்பாட்டு விதிகளைக் கவனிக்கும் ஜோனிங் போர்டுக்குப் போடுவதுதான் வேரியன்ஸ் மனு. நியாயமான கோரிக்கைகள்கூட மனு தயாரித்த விதத்தால் தோற்றுப்போவதுதான் வருத்தம்.

பெரிய தவறு, வீட்டுப் பிளானை வரைந்து முடித்துவிட்டு ஈரநிலம் எங்கே என்று தேடுவது. இணையத்தில் கிடைக்கும் தேசிய ஈரநில வரைபடத்தைப் பார்த்து, நம் நிலத்தில் நிறம் எதுவும் இல்லையே என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது. அது வான்வழிப் படங்களை வைத்துத் தயாரித்தது. மரங்கள் மூடிய சின்ன ஈரநிலங்கள் அதில் விடுபட்டுப் போவதுண்டு. உண்மையான எல்லையை நிலத்தில் இறங்கித்தான் குறிக்க வேண்டும். ராணுவப் பொறியாளர் படையின் 1987ஆம் ஆண்டுக் கையேடு மூன்றைப் பார்க்கச் சொல்கிறது: செடிகள், மண், நீரின் தடயங்கள். ஆகஸ்ட் மாதத்தில் தரை காய்ந்து கிடக்கலாம். அதனால் அது ஈரநிலம் இல்லை என்று ஆகிவிடாது. மண்வெட்டியால் ஓரடி தோண்டினால், மேல்மண்ணுக்குக் கீழே சாம்பல் நிற மண்ணும் அதில் துருப்பிடித்தாற்போல ஆரஞ்சுப் புள்ளிகளும் தெரியலாம். நீர் நெடுநாள் தேங்கி வடியும் இடத்தின் அடையாளம் அது. ஈரநில நிபுணர் இப்படிப் பார்த்துக்கொண்டே போய், எண் எழுதிய ரிப்பன்களைப் புதர்களில் கட்டி எல்லையைக் குறிப்பார். சர்வேயர் அந்தப் புள்ளிகளை அளந்து வரைபடத்தில் ஏற்றுவார். அதற்கு அப்புறம்தான் ஆர்க்கிடெக்டைக் கூப்பிட வேண்டும். வீட்டைக் கொஞ்சம் திருப்பி வைத்தாலே வேரியன்ஸ் தேவைப்படாமல் போகவும் வாய்ப்பு உண்டு. பனி மூடிய மாதங்களில் செடிகளை அடையாளம் காண்பது கடினம் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, சொந்தக் கஷ்டத்தைச் சொல்லி மனு எழுதுவது. அப்பா அம்மா வந்து தங்க அறை வேண்டும், குடும்பம் பெரிது, வேறு இடத்தில் கட்டினால் செலவு கூடும். எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் போர்டு கேட்பது, இந்த நிலத்துக்கு என்ன கஷ்டம் என்பதைத்தான். நிலத்தின் வடிவம், சரிவு, பாறை ஆகியவற்றால் அக்கம்பக்கத்து மனைகளுக்கு இல்லாத இடையூறு இந்த மனைக்கு மட்டும் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அந்தக் கஷ்டத்தை நீங்களே உண்டாக்கியிருந்தால், உதாரணமாக மனையை நீங்களே இரண்டாகப் பிரித்திருந்தால், பல இடங்களில் மனு அங்கேயே விழுந்துவிடும். நியூயார்க்கில் செட்பேக் போன்ற அளவு சார்ந்த வேரியன்ஸுக்கு அது ஒன்றே நிராகரிக்கக் காரணம் ஆகாது; ஆனாலும் அதையும் எடைபோடுவார்கள். நிலத்தை இன்னும் வாங்கவில்லை என்றால், அனுமதி கிடைத்தால்தான் கிரயம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கேட்கும் அளவும் முக்கியம். தேவைக்கு மேல் கேட்டால் போர்டுக்கு நம்பிக்கை போய்விடும். நூறு அடிக்குப் பதில் அறுபது அடி கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கராஜை ஏன் சாலைப் பக்கம் தள்ள முடியாது என்பதுதான் முதல் கேள்வியாக வரும். அதற்கான மாற்றுப் பிளான்களைப் போட்டுப் பார்த்து, ஏன் ஒத்துவரவில்லை என்று வரைபடத்தோடு காட்டுங்கள். சாலையோரச் செட்பேக்கில் தளர்வு கேட்டு, ஈரநிலப் பக்கத்தைத் தொடாமல் விடுவது பல நேரங்களில் சுலபமான வழி. என் கருத்தில் அதுதான் நல்ல வழியும்கூட. அந்த ஓரத்துச் செடிகளும் மண்ணும்தான் ஈரநிலத்துக்குள் போகும் அழுக்கை வடிகட்டுகின்றன.

பக்கத்து வீடு குளத்தை ஒட்டியே இருக்கிறதே என்று வாதாடிப் பயனில்லை. அது விதி வருவதற்கு முன்பு கட்டியதாக இருக்கலாம். அந்த வீட்டுக்காரருக்கே மனுவைப் பற்றி நோட்டீஸ் போகும், அதனால் அவரிடம் முன்கூட்டியே போய்ப் பிளானைக் காட்டிப் பேசிவிடுங்கள்.

வேரியன்ஸ் கிடைத்தால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பதும் தவறு. ஜோனிங் வேறு, ஈரநில அனுமதி வேறு. மாசசூசெட்ஸில் பெரும்பாலான ஈரநிலங்களிலிருந்து நூறு அடிக்குள் வேலை செய்வதென்றால் ஈரநில அனுமதியைக் கவனிக்கும் ஊரின் கன்சர்வேஷன் கமிஷனிடமும் போக வேண்டும். செப்டிக்குக்குச் சுகாதாரத் துறையின் தனி இடைவெளி உண்டு. கழிவுநீர்க் குழாய் இல்லாத கிராமப்புறத்தில் வீடு எங்கே என்பதைப் பல நேரம் செப்டிக்தான் தீர்மானிக்கும். ஐடஹோ மாநிலத்தில் வீடு கட்டப் போன சாக்கெட் தம்பதியரின் வழக்கில், 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூட்டாட்சியின் தூய நீர்ச் சட்டம் எந்தெந்த ஈரநிலங்களுக்குப் பொருந்தும் என்பதைச் சுருக்கியது உண்மைதான். ஆனால் மாநில, உள்ளூர் விதிகளை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. சரி, மனு போட்டாயிற்றே என்று முன்கூட்டியே மண்ணைக் கொட்டவும் வேண்டாம். அந்தச் சாக்கெட் தம்பதியர் 2007இல் மண் கொட்டி ஆரம்பித்த பிரச்சினை முடிய பதினாறு ஆண்டுகள் ஆயின.

அனுமதிக்குக் காலக்கெடு உண்டு. மாசசூசெட்ஸில் போர்டின் தீர்ப்பு டவுன் கிளார்க்கிடம் பதிவான 20 நாளுக்குள், அதனால் பாதிக்கப்படுகிறவர்கள் மேல்முறையீடு செய்யலாம். அது கழிந்ததும் சான்றளித்த நகலை வாங்கிப் பத்திரப் பதிவகத்தில் பதிவு செய்யுங்கள். பதிவு செய்யாத வரை வேரியன்ஸ் அமலுக்கே வராது. ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் காலாவதியாகிவிடும். தாமதமாகும் என்று தெரிந்தால், அந்த ஆண்டு முடிவதற்குள் நீட்டிப்புக் கேட்டு எழுத வேண்டும்.