குற்ற உணர்வை ஒரு பொருளில் வரைவது எப்படி? முதல்முறை வரைபவர்களுக்கான பென்சில் பயிற்சி

குற்ற உணர்வை வரையச் சொன்னால் பலரும் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளைத்தான் வரைகிறார்கள். கடன் தொல்லையா, காதல் தோல்வியா, குற்ற உணர்வா என்று பார்ப்பவருக்குப் பிரித்தறிய வழியில்லை. குற்ற உணர்வு என்றால் செய்த ஒன்றோ, செய்யாமல் விட்ட ஒன்றோ பின்னால் இருக்கும். அது நடந்த இடத்தில் ஏதாவது ஒரு பொருளும் இருந்திருக்கும். நாம் வரைய வேண்டியது அந்தப் பொருளைத்தான்.

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1629-ல் வரைந்த யூதாஸ் ஓவியத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள். இயேசுவைக் காட்டிக்கொடுத்ததற்கு வாங்கிய 30 வெள்ளிக்காசுகளைத் திருப்பிக் கொடுக்க வந்து, கைகளைப் பிசைந்தபடி மண்டியிட்டிருக்கிறான் யூதாஸ். காசுகள் தரையில் சிதறிக் கிடக்கின்றன. யாரும் குனிந்து எடுக்கவில்லை. அந்தக் காசுகளை விரலால் மறைத்துவிட்டுப் பாருங்கள்: எதற்கோ கெஞ்சுகிற ஓர் ஆள் மட்டும்தான் மிஞ்சுவான்.

தேவையானவை: ஏ4 அளவு கார்ட்ரிட்ஜ் தாள் (தடிமனான வரைதாள்), 2பி, 6பி பென்சில்கள் (6பி இன்னும் கருப்பாக விழும்), ரப்பர், ஒரு மேசை விளக்கு.

படி 1: ஒரே வாக்கியம் எழுதுங்கள்

"குற்ற உணர்வாக இருக்கிறது" என்று எழுதினால் அதை வைத்து எதையும் வரைய முடியாது. என்ன நடந்தது என்று எழுதுங்கள். உதாரணத்துக்கு: "அம்மாவின் மூக்குக் கண்ணாடியைச் சரிபண்ணித் தருவதாகச் சொன்னேன், தரவில்லை."

படி 2: பொருளை அந்த வாக்கியத்துக்குள்ளேயே தேடுங்கள்

மண்டை ஓடு, கைவிலங்கு, ரத்தக் கறை படிந்த கை எதுவும் வேண்டாம். 17-ம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள் மண்டை ஓட்டை வைத்தது வாழ்வின் நிலையாமையைச் சொல்ல. நம் வாக்கியத்தில் இருப்பது கண்ணாடி. அதுவே போதும்.

படி 3: தடயத்தைக் கண்டுபிடியுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். பொருளை எதிரில் வைத்து உற்றுப் பாருங்கள். காதில் மாட்டும் கம்பி பிரேமோடு சேரும் இடத்தில் திருகு விழுந்திருக்கிறது. அங்கே தையல் நூல் சுற்றியிருக்கிறது. அடியில் உள்ள நூல் அழுக்கேறிப் பழுப்பாகிவிட்டது, அதன்மேல் வெள்ளை நூல் இன்னொரு சுற்று. அம்மா இரண்டாவது முறை கட்டியிருக்கிறார் என்றால், அத்தனை நாள் காத்திருந்திருக்கிறார். நீங்கள் சொல்ல வந்தது முழுவதும் அந்த முடிச்சில் இருக்கிறது. பழைய நூலை 6பி-யால் அழுத்தி வரையுங்கள், புது நூலுக்குத் தாளின் வெள்ளையை அப்படியே விட்டுவிடுங்கள். மற்ற இடங்களை 2பி-யால் லேசாக முடித்தால் போதும்.

படி 4: உங்களையும் படத்துக்குள் கொண்டுவாருங்கள்

டச்சு ஓவியர் வான்கோவின் அப்பா ஒரு பாதிரியார். மத விஷயத்தில் மகனுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. அவர் 1885 மார்ச்சில் திடீரென இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் வான்கோ ஒரு ஓவியம் வரைந்தார்: விரித்து வைத்த பெரிய பைபிள், பக்கத்தில் அணைந்த மெழுகுவர்த்தி, முன்னால் மேசை விளிம்பை ஒட்டி அவருக்குப் பிடித்த பிரெஞ்சு நாவல் ஒன்று, சின்னதாக, கசங்கிய மஞ்சள் அட்டையோடு. அதில் இருப்பது துக்கமா, குற்ற உணர்வா என்று ஒரே சொல்லில் அடக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் முகமே இல்லாமல் இரண்டு பேர் அங்கே எதிரெதிரே நிற்கிறார்கள்.

நம் படத்தில் கண்ணாடிக்குச் சற்றுத் தள்ளி உங்கள் பைக் சாவியை வையுங்கள். கடைக்குப் போக வண்டி இருந்தது, போகவில்லை. இரண்டும் தொட்டுக்கொள்ளக் கூடாது.

படி 5: வெளிச்சம்

விளக்கைக் கண்ணாடிக்குப் பின்னால் தாழ்வாக வையுங்கள். நிழல் நீண்டு சாவிவரை வரட்டும்.

படி 6: தலைப்பும் சோதனையும்

"குற்ற உணர்வு" என்று தலைப்பு வைக்காதீர்கள். "அடுத்த வாரம்" என்பது போல, அன்றைக்கு வாயிலிருந்து வந்த சொல்லையே வைக்கலாம். பிறகு விஷயம் தெரியாத ஒருவரிடம் படத்தைக் காட்டி, "முதலில் எது கண்ணில் படுகிறது?" என்று மட்டும் கேளுங்கள். நூலைச் சொல்லாவிட்டால் நூலில் கை வைக்க வேண்டாம். அதைச் சுற்றியுள்ள பிரேமையும் நிழலையும் இன்னும் ஒரு பூச்சு கருப்பாக்கிவிட்டு, வேறொருவரிடம் காட்டுங்கள்.