கால்நடை மருத்துவப் படிப்பு: விண்ணப்பத்தில் கோட்டை விடாமல் இடம் பிடிப்பது எப்படி?

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஏழு கல்லூரிகளுக்கும் சேர்த்து பி.வி.எஸ்சி. படிப்பில் ஏறக்குறைய 660 இடங்கள்தான் இருக்கின்றன. சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, சேலம் தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி வீரபாண்டி ஆகிய ஊர்களில் இந்தக் கல்லூரிகள் உள்ளன. அரை மதிப்பெண் வித்தியாசத்தில் இடம் கைமாறும் போட்டி இது. அப்படியிருக்க, மதிப்பெண் இருந்தும் ஒரு சான்றிதழ் சரியில்லாமல் பின்தங்குவதுதான் பெரிய வேதனை. இந்தக் குறிப்புகள் பெரும்பாலும் அதைத் தவிர்ப்பதற்காகவே.

முதலில் தெளிவாக வேண்டியது, இந்தப் படிப்புக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன என்பது. மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் 2 மதிப்பெண்ணை வைத்து நிரப்பப்படுகின்றன. அதற்கு நீட் தேவையில்லை. அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீத இடங்களை இந்தியக் கால்நடை மருத்துவ கவுன்சில் நீட் தரவரிசைப்படி நிரப்புகிறது. "தமிழ்நாட்டில் நீட் வேண்டாமே" என்று தேர்வையே எழுதாமல் விடுபவர்கள் இந்த இரண்டாவது வழியைத் தாங்களே அடைத்துக்கொள்கிறார்கள். நீட் விண்ணப்பம் பிளஸ் 2 முடிவு வருவதற்கு முன்பே முடிந்துவிடும் என்பதால், ரிசல்ட் பார்த்து முடிவு செய்யலாம் என்று காத்திருக்க முடியாது. நீட் எழுதியவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். எம்.பி.பி.எஸ். கலந்தாய்வுக்குப் பதிந்தது இதற்குச் செல்லாது. கால்நடை கவுன்சிலின் இணையதளத்தில் தனியாகப் பதிய வேண்டும். பதியாதவருக்கு எவ்வளவு நல்ல ரேங்க் இருந்தாலும் இடம் வராது.

கட்-ஆஃப் கணக்கு

மாநில ஒதுக்கீட்டில் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. உயிரியல் மதிப்பெண் முழுதாக 100-க்கு எடுத்துக்கொள்ளப்படும். இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கப்பட்டு ஒவ்வொன்றும் 50-க்கு வரும். உயிரியலில் 96, இயற்பியலில் 92, வேதியியலில் 95 எடுத்த மாணவருக்கு 96 + 46 + 47.5 = 189.5. தாவரவியல், விலங்கியல் என்று தனித்தனியாகப் படித்தவர்களுக்கு இரண்டின் சராசரியே உயிரியல் மதிப்பெண். கணிதமோ கணினி அறிவியலோ இந்தக் கணக்கில் வராது.

ஆக, உயிரியலில் கிடைக்கும் ஒரு மதிப்பெண் இயற்பியலில் கிடைக்கும் இரண்டுக்குச் சமம். கடைசி மாதத் திருப்புதலில் நேரத்தை எங்கே போடுவது என்பதற்கு இதுவே பதில். ரிசல்ட் வந்தபின் மறுமதிப்பீட்டை யோசிப்பவர்களும் முதலில் உயிரியல் விடைத்தாளைத்தான் பார்க்க வேண்டும். விடைத்தாள் நகல் வாங்கினால்தான் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். நகலுக்கு விண்ணப்பிக்கத் தரப்படும் அவகாசம் சில நாட்களே. நகல் கைக்கு வந்ததும் பாட ஆசிரியரோடு உட்கார்ந்து, விடைக்குறிப்பை வைத்து வினாவுக்கு வினா கூட்டிப் பாருங்கள். மதிப்பெண் உயர்ந்தால் அதைத் தரவரிசைப் பட்டியல் வெளிவரும் முன்பே பல்கலைக்கழகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

சான்றிதழ்கள்: ஏப்ரலிலேயே தொடங்குங்கள்

விண்ணப்பம் வழக்கமாக பிளஸ் 2 முடிவுக்குப் பிறகு, மே கடைசியிலோ ஜூனிலோ திறக்கும். அந்த நேரத்தில் இ-சேவை மையங்களில் கூட்டம் அலைமோதும். வருவாய்த் துறைச் சான்றிதழ் மனு வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார் அலுவலகம் என்று மேசை மேசையாக நகர வேண்டும். ஒரு மேசையில் நின்றுபோனாலும் கடைசித் தேதி தாண்டிவிடும். பொதுத்தேர்வு முடிந்த மறுவாரமே மனு போடுவது நல்லது.

சாதிச் சான்றிதழ் மாணவரின் பெயரிலேயே இருக்க வேண்டும். அப்பாவின் சான்றிதழ் போதாது. அதில் உள்ள பெயரும் இனிஷியலும் மதிப்பெண் பட்டியலோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சிறுவயதில் வாங்கிய சான்றிதழில் இனிஷியல் மாறியிருப்பது அடிக்கடி நடப்பதுதான். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழ் கல்விக் கட்டணச் சலுகைக்கு உதவும். வெளிமாநிலத்தில் படித்தவர்கள் பிறப்பிடச் சான்றிதழையும் எடுத்துவைக்க வேண்டும்.

அதிகம் பேர் குழம்புவது ஓ.பி.சி. சான்றிதழில். மாநில ஒதுக்கீட்டுக்கு பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் போதும். அகில இந்திய ஒதுக்கீட்டில் அது செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் தனியாக ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சாதிகளும் மத்தியப் பட்டியலில் இல்லை என்பதால் அதையும் முதலிலேயே சரிபாருங்கள். 8 லட்ச ரூபாய் வருமான வரம்பைப் பார்த்துப் பல பெற்றோர் விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள். அந்த வரம்பில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. வாடகை, வியாபாரம் போன்ற மற்ற வருமானங்களே கணக்கு. அரசுப் பணியில் உள்ள பெற்றோருக்கு அவர்கள் வகிக்கும் பதவி நிலையை வைத்துத் தனி விதி உண்டு.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு பெரிய வாய்ப்பு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளில் படித்தவர்களும் தகுதியானவர்களே. அரசு உதவிபெறும் பள்ளி இதில் சேராது. தெரியாமல் இந்தக் கட்டத்தில் டிக் செய்தால் சரிபார்ப்பில் சிக்கல்தான். இடையில் பள்ளி மாறியிருந்தால், படித்த ஒவ்வொரு பள்ளியின் தலைமையாசிரியரிடமும் உரிய படிவத்தில் கையொப்பம் வாங்க வேண்டும். கோடை விடுமுறையில் தலைமையாசிரியரைப் பிடிப்பது கடினம். பள்ளி மூடும் முன்பே போய்விடுங்கள்.

விண்ணப்பம் நிரப்பும்போது

பிரவுசிங் சென்டரில் நிரப்பினாலும் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாகவே இருக்கட்டும். ஓ.டி.பி.யும் கலந்தாய்வு அழைப்பும் அங்கேதான் வரும். கடைக்காரர் தன் எண்ணைப் போட்டுவிட்டால் ஆகஸ்டில் அவரைத் தேடி அலைய நேரிடும். பணம் பிடிக்கப்பட்டும் பக்கம் பாதியில் நின்றுபோனால் உடனே மறுபடி கட்டாதீர்கள். சிறிது நேரம் கழித்து உள்நுழைந்து, கட்டணம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கடைசிப் பொத்தானை அழுத்தும் முன் உயிரியல் மதிப்பெண், பிறந்த தேதி, இனப்பிரிவு மூன்றையும் வீட்டில் இன்னொருவரை உரக்கப் படிக்கச் சொல்லிச் சரிபாருங்கள். மாற்றுத்திறனாளி, விளையாட்டு வீரர், முன்னாள் படைவீரர் வாரிசு என்ற சிறப்புப் பிரிவுகளை விண்ணப்பத்திலேயே குறிக்க வேண்டும். இவற்றுக்கான கலந்தாய்வு பொதுப்பிரிவுக்கு முன்பே நடந்துவிடும்.

கல்லூரி வரிசை

விருப்ப வரிசையில் "இது எனக்குக் கிடைக்காது" என்று நினைத்து எந்தக் கல்லூரியையும் கீழே தள்ள வேண்டாம். மேலே உள்ளது கிடைக்காவிட்டால் அடுத்தது பார்க்கப்படும். ஆசைப்பட்டதை முதலில் போடுவதால் எந்த நட்டமும் இல்லை. சேரத் தயாராக உள்ள எல்லாக் கல்லூரிகளையும் போடுங்கள். இரண்டை மட்டும் போட்டுவிட்டு, எதுவும் ஒதுக்கப்படாமல் நிற்பதுதான் ஆபத்து.

வேப்பேரி 1903-இல் தொடங்கிய பழைய கல்லூரி. நகர மருத்துவமனை என்பதால் நாய், பூனை சிகிச்சை நிறையப் பார்க்கலாம். நாமக்கல்லைச் சுற்றிலும் கோழிப் பண்ணைகள். ஒரத்தநாட்டிலும் திருநெல்வேலியிலும் மாடு, ஆடு வளர்க்கும் கிராமங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. படிப்பு ஐந்தரை ஆண்டு, அதில் கடைசி ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி. அத்தனை காலம் எந்த விலங்குகளோடு இருக்க விருப்பம் என்பதையும் பார்த்து வரிசைப்படுத்துங்கள். ஊர்ப் பெருமையை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

முதல் சுற்றில் இடம் வரவில்லையென்றால் மனம் தளர வேண்டாம். எம்.பி.பி.எஸ். கிடைத்துச் சிலர் விலகுவதால் அடுத்த சுற்றுகளில் இடங்கள் திறக்கும். இணையதளத்தைத் தினமும் பாருங்கள். இங்கே சேர்ந்துவிட்டு மருத்துவ இடத்துக்கும் காத்திருப்பவர்கள், எந்தத் தேதிக்குள் விலகினால் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்பதைத் தகவல் கையேட்டில் படித்துவிட்டே பணம் கட்ட வேண்டும். அசல் மாற்றுச் சான்றிதழ் கல்லூரியில் இருக்கும் என்பதால், ஒப்படைக்கும் முன் எல்லாச் சான்றிதழ்களையும் ஸ்கேன் செய்து, சான்றொப்பமிட்ட நகல்கள் சிலவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிமாநிலத்திலோ தனியார் கல்லூரியிலோ சேர நினைப்பவர்கள், அந்தக் கல்லூரிக்கு இந்தியக் கால்நடை மருத்துவ கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கவுன்சிலின் இணையதளத்திலேயே பாருங்கள். கல்லூரி அச்சிட்ட விளம்பரத்தை நம்ப வேண்டாம். அங்கீகாரம் இல்லாத பட்டத்தை வைத்து மாநில கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாமல் கால்நடை மருத்துவராகத் தொழில் செய்யவும் முடியாது.